நிர்வாகத்தின் குழுவும் தொழிலாளரின் சங்கமும்

(வன்னியின் தொழிலாளரும் கமக்காரரும் உத்தியோகத்தரும் கூடியிருந்த கூட்டமொன்றில் தொழிற்சங்கத்தினர் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



நாம் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள் கேட்பதற்கு இனிமையானது. ஆராய்ந்து பார்த்தால் ஆபத்தும் உடையது. தொழிற்சாலை நிர்வாகம் தொழிலாளியை அழைத்து, "இனி நீயும் ஆலோசனை கூறலாம், உன் கருத்துக்கும் இடமுண்டு, உனக்கென்று ஒரு சபையை அமைத்துத் தருகிறோம்" என்கிறது. ஊழியர் சபை, தர வட்டம், நலன்புரிக் குழு, ஆலோசனைப் பெட்டி என்று அதற்குப் பல பெயர்கள். பெயர் எதுவாயினும் அழைப்பவர் முதலாளி, அழைக்கப்படுபவர் தொழிலாளி. இத்தகைய அழைப்பு வரும்பொழுது தொழிற்சங்கம் என்ன மறுமொழி கூறவேண்டும்? இதுவே நம் முன்னுள்ள வினா.

இவ்வினா வன்னிக்குத் தொலைவானதன்று. ஒரு காலத்தில் இப்பகுதியிலே தொழிற்சாலை என்றால் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் ஆனையிறவு உப்பளமுமே நினைவுக்கு வரும். போர் அவற்றை முடக்கியது. 2009ஆம் ஆண்டின் பின்னர் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் ஏற்றுமதிக்கான ஆடைத் தொழிற்சாலைகள் எழுந்தன. வானவில், விடியல் என்னும் பெயர்களை அறியாதார் கிளிநொச்சியில் இன்று இலர். பொழுது புலருமுன் சந்தியில் நின்று தொழிற்சாலைப் பேருந்துக்காகக் காத்திருக்கும் பெண்கள் நம் வீட்டுப் பிள்ளைகள். அவர்களிற் பலருடைய சம்பளத்தில்தான் ஒரு குடும்பத்தின் அடுப்பு எரிகிறது. ஆதலால் அவர்கள் அமரும் குழு எத்தகையது என்பது தொழிலாளரின் கவலை மாத்திரமன்று. வயலில் நிற்கும் தந்தையின் கவலையும் பள்ளிக்கூடத்தில் கற்பிக்கும் அண்ணனின் கவலையுமாகும்.

ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிவிடுகிறோம். எந்த ஒரு தொழிற்சாலையையும் பெயர் சுட்டிக் குற்றஞ்சாட்ட நாம் இங்கு வரவில்லை. ஒரு முறையைப் பற்றியே பேச வந்துள்ளோம்.

கமக்காரர் அறிந்த பாடம்

இங்கே கமக்காரர் பலர் வந்திருக்கிறார்கள். தொழிற்சாலைக் குழுவைப் பற்றி நாம் சொல்லப்போவதை அவர்கள் நம்மிலும் முன்னரே அனுபவித்து அறிந்தவர்கள்.

1958ஆம் ஆண்டில் பிலிப் குணவர்த்தன அவர்கள் நெற்காணிச் சட்டத்தைக் கொண்டுவந்தார். அச்சட்டத்தின்படி அமைந்த பயிர்ச்செய்கைக் குழுக்களைக் கமக்காரரே தெரிவுசெய்தனர். குறைகள் பல இருந்தபோதிலும் அது கமக்காரரின் குழுவாயிருந்தது. பின்னர் 1970களின் முற்பகுதியில் வந்த சட்டங்கள் தெரிவை ஒழித்து நியமனத்தைப் புகுத்தின. குழுவில் யார் இருப்பதென்று அமைச்சர் முடிவுசெய்தார். பெயர் ஏறத்தாழ அதுவே, கதிரைகளும் அவையே. ஆனால் குழு யாருக்குப் பதில் சொல்லவேண்டும் என்பது மாறிவிட்டது. கீழே நிற்கும் கமக்காரனைப் பார்த்த முகம் மேலே நிற்கும் அமைச்சரைப் பார்க்கத் தொடங்கியது. 1979ஆம் ஆண்டில் கமநல சேவைகள் சட்டம் வந்தபோது அக்குழுக்கள் மறைந்தன.

இன்றும் இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்வதற்கு முன் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அதிகாரிகள் வருகிறார்கள், கமக்கார அமைப்புகளும் வருகின்றன. அங்கே ஒரு கமக்காரன் துணிந்து பேசுகிறான் என்றால் அதற்குக் காரணம் என்ன? அவன் பின்னால் அவனுடைய அமைப்பு நிற்கிறது. அமைப்பில்லாத தனி மனிதனை அந்தக் கூட்டத்தில் இருத்திப் பாருங்கள். வாய்க்காலின் கடைக்கோடியில் அவன் வயல் காய்ந்து கிடந்தாலும், "எல்லாம் சரி, ஐயா" என்றே சொல்லிவிட்டு வருவான்.

குழுவில் நமக்குக் கதிரை கிடைத்துவிட்டதென்று மகிழுமுன், துருசின் திறப்பு யார் கையில் இருக்கிறதென்று கேட்க வேண்டும். தொழிற்சாலைக்கும் இதுவே பொருந்தும்.

இக்குழுக்கள் பிறந்த கதை

முதலாளிமார் தொழிலாளருக்குக் குழு அமைத்துக் கொடுக்கும் வழக்கம் எப்பொழுது தோன்றியது? 1914ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்தில் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்து லட்லோ என்னுமிடத்தில், வேலைநிறுத்தம் செய்த நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிக்கப்பட்டன. பெண்களும் குழந்தைகளும் மாண்டனர். சுரங்க நிறுவனத்தின் பெரும் பங்குதாரரான றொக்பெல்லர் குடும்பத்தின்மீது நாடு முழுவதும் சினங்கொண்டது. மறு ஆண்டு, 1915இல், றொக்பெல்லர் ஒரு திட்டத்தை அறிவித்தார். தொழிலாளர் தம் பிரதிநிதிகளைத் தெரிவுசெய்யலாம். அப்பிரதிநிதிகள் நிர்வாகத்துடன் கூடிப் பேசலாம். ஆனால் சங்கத்துக்கு அங்கீகாரம் இல்லை. அத்திட்டத்தை வகுத்துக் கொடுத்தவர் பின்னாளில் கனடாவின் பிரதமரான மக்கன்சி கிங். சங்கம் கேட்டவனுக்குக் குழு கொடுக்கப்பட்டது.

நம் மொழி பேசும் நாட்டிலும் இக்கதை உண்டு. 1918ஆம் ஆண்டில் சென்னையில் பி. பி. வாடியா, திரு. வி. கலியாணசுந்தரனார் முதலியோர் முன்னின்று சென்னைத் தொழிலாளர் சங்கத்தை நிறுவினர். பக்கிங்காம், கர்நாட்டிக் ஆலைகளின் தொழிலாளர் அதில் திரண்டனர். 1921ஆம் ஆண்டில் அங்கே நடந்த நெடிய வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்தது. தொழிலாளரிடையே சாதிப் பிளவு புகுந்தது அத்தோல்விக்கு ஒரு பெருங் காரணம். அடுத்த ஆண்டே, 1922இல், அவ்வாலைகளின் நிர்வாகம் தொழிலாளர் நலக் குழுவை அமைத்தது. சங்கம் வலுவோடு நின்றபோது வராத குழு, சங்கம் வீழ்ந்து கிடந்தபோது வந்தது. ஆண்டுகளின் வரிசையே பாடம் சொல்கிறது.

யப்பானைப் பாருங்கள். தர வட்டங்களின் தாயகம் அது. 1962ஆம் ஆண்டில் அங்கே அவை தோன்றின என்று நிர்வாகவியல் நூல்கள் பெருமையோடு கூறும். அதற்கு ஒன்பது ஆண்டுகளுக்கு முன், 1953இல், நிசான் மோட்டார் தொழிற்சாலையில் நிகழ்ந்ததை அந்நூல்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை. நீண்ட வேலைநிறுத்தமும் கதவடைப்பும் நடந்தன; போராடிய சங்கத்துக்கு எதிராக நிர்வாகத்துக்கு இணக்கமான இரண்டாவது சங்கம் எழுந்தது; முதற் சங்கம் அழிந்தது. இவ்வாறு பண்படுத்தப்பட்ட நிலத்திலேயே தர வட்டங்கள் முளைத்தன.

ஆலோசனையின் விலை

ஆயினும் தோழர்களே, தொழிலாளியிடம் ஆலோசனை கேட்பதே தீது என்று நாம் கூறவில்லை. இயந்திரத்தோடு நாள்தோறும் உறவாடுபவளுக்குத் தெரிந்தது, கண்ணாடி அறைக்குள் இருப்பவருக்குத் தெரியாது. அவளுடைய அறிவு உண்மையான அறிவு. அந்த அறிவுக்கு என்ன விலை, அவ்விலை யாருக்குப் போய்ச் சேர்கிறது என்பதையே நாம் கேட்கிறோம்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். ஒரு தையல் வரிசையில் 30 இயந்திரங்கள். வேலையின் ஒழுங்கைச் சிறிது மாற்றினால் 28 பேரே அதே தொகையைத் தைத்து முடிக்கலாம் என்று ஒரு பெண் கண்டுபிடிக்கிறாள். தர வட்டத்தில் அதைச் சொல்கிறாள். கைதட்டுகிறார்கள், சான்றிதழ் கொடுக்கிறார்கள், அவள் படம் சுவரில் ஏறுகிறது. அடுத்த மாதம் இரண்டு இயந்திரங்கள் அகற்றப்படுகின்றன. அவற்றில் இருந்த இருவரும் வேறு வரிசைக்கு மாற்றப்படலாம். ஒப்பந்தம் முடிந்து வீட்டுக்கும் அனுப்பப்படலாம். எஞ்சிய 28 பேருக்கும் மணித்தியால இலக்கு உயர்கிறது. சம்பளச் சீட்டிலோ மாற்றமில்லை. அப்பெண் யாருக்கும் தீங்கு நினைத்தவளல்லள். ஆனால் தன் ஆலோசனைக்கு நிபந்தனை விதிக்கும் சக்தி அவளிடம் இல்லை. அந்தச் சக்தி சங்கத்திடமே உண்டு.

இலங்கையின் அனுபவம்

நமது நாட்டிலே 1979ஆம் ஆண்டில் ஊழியர் சபைகள் சட்டம் நிறைவேறியது. "இனி ஊழியரும் நிர்வாகத்தில் பங்காளிகள்" என்ற பேச்சு எங்கும் ஒலித்தது. மறு ஆண்டு யூலை மாதத்தில், விலைவாசி ஏற்றத்தைத் தாங்கமாட்டாத ஊழியர் 300 ரூபா சம்பள உயர்வு கேட்டுப் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது, ஏறக்குறைய 40,000 பேர் வேலையிழந்தனர். பங்காளி என்ற பட்டம் அவர்களைக் காக்கவில்லை.

1978இல் கட்டுநாயக்காவில் சுதந்திர வர்த்தக வலயம் திறக்கப்பட்டது. அங்கே சங்கம் அமைப்பது எத்துணை கடினமாயிருந்தது என்பதைத் தென்னிலங்கைத் தோழர்கள் நன்கறிவர். 1990களில் முதலீட்டுச் சபை அவ்வலயங்களில் ஊழியர் சபைகளை ஊக்குவித்தது. சங்கத்தின் இடத்தை இச்சபைகள் பிடிக்கின்றன என்ற முறைப்பாடு சர்வதேசத் தொழில் தாபனம் வரைக்கும் சென்றது.

ஆனால் நம் கையில் சட்டம் அறவே இல்லையென்று எண்ணவேண்டாம். 7 பேர் சேர்ந்தால் ஒரு தொழிற்சங்கத்தைப் பதிவு செய்யலாம். 1999ஆம் ஆண்டின் கைத்தொழிற் பிணக்குகள் திருத்தச் சட்டம், சங்கத்தில் சேர்ந்ததற்காக ஒருவரை வேலைநீக்குவதைத் தடுக்கிறது. சங்கத்தில் சேராதிருக்கும்படி சலுகை காட்டி மயக்குவதையும் தடுக்கிறது. ஒரு சங்கம் எத்தொழிலாளர் சார்பில் பேச விரும்புகிறதோ அவர்களில் நூற்றுக்கு 40 பேரை உறுப்பினராகக் கொண்டிருந்தால், அதனோடு பேச மறுப்பது நிர்வாகத்தின் குற்றமாகும். வழக்குத் தொடுக்கும் அதிகாரம் தொழில் திணைக்களத்திடம் மாத்திரம் இருப்பது அச்சட்டத்தின் பெருங் குறை. ஆயினும் கருவி கருவிதான்.

இலங்கை 1976ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட சர்வதேசத் தொழில் தாபனத்தின் 135ஆம் இலக்கச் சமவாயம் ஒன்றை ஐயமின்றிக் கூறுகிறது: தெரிவுசெய்யப்பட்ட ஊழியர் பிரதிநிதிகள் ஓரிடத்தில் இருக்கிறார்கள் என்பதைக் காட்டி, அங்குள்ள சங்கத்தின் நிலையைக் குலைக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜீ.எஸ்.பி. பிளஸ் வரிச் சலுகையை 2010இல் இழந்து 2017இல் மீண்டும் பெற்ற நாடு இது. தொழிலாளர் உரிமைச் சமவாயங்களைக் கடைப்பிடிப்பது அச்சலுகையின் நிபந்தனைகளுள் ஒன்று என்பதை ஆடை ஏற்றுமதியாளர் நம்மிலும் நன்றாக அறிவர்.

புறக்கணிப்பதா? புகுந்து வெல்வதா?

இனி வழி என்ன? நம் தோழர்களிற் சிலர், "நிர்வாகத்தின் குழுவை முற்றாகப் பகிஷ்கரிப்போம்" என்கிறார்கள். அவர்களுடைய வெறுப்பு நமக்கு விளங்குகிறது. ஆனால் நாம் விட்ட கதிரை வெறுமையாயிராது. மேற்பார்வையாளருக்கு வேண்டியவர் அதில் அமர்வார். அவர் சொல்வதே தொழிலாளரின் குரலென்று எழுதப்படும். வேறு சிலர், "கிடைத்தது போதும், சேர்ந்துகொள்வோம்" என்கிறார்கள். சங்கம் இல்லாமல் சேர்ந்தால் ஆட்டுக்குட்டி ஓநாயின் ஆலோசனைச் சபையில் அமர்ந்த கதையாகும்.

மூன்றாவது வழி ஒன்றுண்டு. முன்னர் சொன்ன அமெரிக்காவிலேயே உருக்குத் தொழிலாளர் அதனைக் காட்டினர். அங்கே உருக்கு நிறுவனங்கள் தமக்கு அடங்கிய பிரதிநிதிக் குழுக்களை அமைத்திருந்தன. 1936ஆம் ஆண்டில் உருக்குத் தொழிலாளரைத் திரட்டப் புறப்பட்ட சங்கத்தினர் அக்குழுக்களின் உறுப்பினரையே தேடிச் சென்றனர். அவர்கள் குழுவுக்குள் இருந்தபடியே மெய்யான கோரிக்கைகளை எழுப்பினர். சம்பளம் கேட்டனர், மறுக்கப்பட்டபோது, "பார்த்தீர்களா, இக்குழுவால் எதுவும் ஆகாது" என்று தொழிலாளருக்கு எடுத்துக் காட்டினர், கூட்டங் கூட்டமாகச் சங்கத்தில் சேர்ந்தனர். 1937 மார்ச் மாதத்தில் யூ. எஸ். ஸ்ரீல் என்னும் மாபெரும் நிறுவனம் சங்கத்தோடு உடன்பாட்டுக்கு வந்தது. முதலாளி கட்டிய வீட்டுக்குள் தொழிலாளி குடியேறினான்.

அண்மைக் காலத்துத் தமிழ்நாட்டிலிருந்தும் இரண்டு சான்றுகள். 2024 செப்டெம்பர் 9ஆம் நாள் ஸ்ரீபெரும்புதூரிலுள்ள சாம்சங் தொழிற்சாலைத் தொழிலாளர், தம் சங்கத்துக்கு அங்கீகாரம் கேட்டு வேலைநிறுத்தம் தொடங்கினர். இடையில், தொழிலாளரில் ஒரு பிரிவினரோடு உடன்பாடு கண்டாயிற்று என்று அறிவிக்கப்பட்டது. போராடிய பெரும்பான்மையோர் அதனை ஏற்கவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் உறுதியாய் நின்றனர். 2025 ஜனவரியில் அவர்களுடைய சங்கம் பதிவாயிற்று. தொழிலாளியின் பெயரால் யார் கையெழுத்திடலாம் என்பதே அங்கும் வழக்கு.

மற்றையது திண்டுக்கல். பெண் தொழிலாளர் மீதான வன்முறைக்கு எதிராக, 2022ஆம் ஆண்டில் தமிழ்நாடு ஜவுளி மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கம் ஈஸ்ட்மன் எக்ஸ்போர்ட்ஸ் நிறுவனத்தோடு உடன்படிக்கை செய்தது. ஆடை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்களும் அதற்குக் கட்டுப்பட்டுக் கையெழுத்திட்டன. தொழிற்சாலைத் தளத்திலே தொழிலாளர் நடுவிலிருந்து கண்காணிப்பாளர் அமர்த்தப்பட்டனர். அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பொறுப்பு சங்கத்துக்கு உரியதாயிற்று. பங்கேற்பு அங்கேயும் உண்டு. ஆனால் அது சங்கத்தின் கையால் நடந்த பங்கேற்பு. நம் வன்னிப் பெண்களைப் போன்ற தமிழ்ப் பெண்களே அதை வென்றெடுத்தனர்.

நாம் விதிக்கவேண்டிய நிபந்தனைகள்

ஆகவே குழுவுக்கு வரும்படி அழைப்பு வந்தால் நாம் நிபந்தனைகளோடு மறுமொழி கூறுவோம்.

முதலாவது, குழுவின் தொழிலாளர் பிரதிநிதிகள் இரகசிய வாக்கெடுப்பாலே தெரிவுசெய்யப்படவேண்டும். நிர்வாகம் எவரையும் நியமிக்கலாகாது. நம்பிக்கை இழந்த பிரதிநிதியைத் திருப்பி அழைக்கும் உரிமை தொழிலாளருக்கு வேண்டும்.

இரண்டாவது, சம்பளம், வேலை நேரம், இலக்கு, வேலைநீக்கம் ஆகியவை கூட்டுப் பேச்சுவார்த்தைக்கு உரியவை. அவற்றைக் குழு பேசி முடிக்கலாகாது. குடிநீர், உணவு, காற்றோட்டம், பேருந்து, பாதுகாப்பு ஆகியவற்றைக் குழு பேசட்டும். அங்கே கிடைக்கும் சிறு வெற்றியையும் நாம் வரவேற்போம்.

மூன்றாவது, எந்த ஆலோசனையாலும் ஒருவரும் வேலை இழக்கமாட்டார், இலக்கு உயராது என்று எழுத்திலே உறுதி வேண்டும். ஆலோசனையால் வரும் இலாபத்திலே தொழிலாளருக்குப் பங்கு வேண்டும்.

நான்காவது, கூட்ட அறிக்கை தமிழிலே எழுதப்பட்டு, எல்லோரும் காணும் இடத்திலே ஒட்டப்படவேண்டும். தமிழ் இந்நாட்டின் அரசகரும மொழிகளுள் ஒன்று. தனக்கு விளங்காத மொழியில் எழுதிய தாளில் கையெழுத்திடும் பிரதிநிதி, தன் கையாலேயே தன் வாயை மூடுகிறார்.

ஐந்தாவது, எந்தப் பிரதிநிதியும் தனியாக நிர்வாகத்தைச் சந்திக்கலாகாது. கூட்டத்துக்கு முன்னர் தொழிலாளரிடம் கேட்டுச் செல்லவேண்டும்; கூட்டத்துக்குப் பின்னர் தொழிலாளரிடம் வந்து சொல்லவேண்டும். கண்ணாடி அறைத் தேநீர் பலரை மாற்றியிருக்கிறது. அதற்கு மருந்து இந்த ஒழுக்கமே.

"நிர்வாகம் இவற்றை மறுத்தால் என் செய்வது?" என்று கேட்பீர்கள். மறுக்கட்டும். பங்கேற்பு என்று வாயாரப் பேசியவர் இரகசிய வாக்குக்கும் தமிழ் அறிக்கைக்கும் அஞ்சினார் என்பதை ஒவ்வொரு தொழிலாளியும் காண்பார். அந்நாளிலே சங்கத்துக்கு உறுப்பினர் சேர்ப்பது எளிதாகும்.

வன்னியின் கடமை

தோழர்களே! அச்சம் இங்கே எளிதில் விலகாது. போரைக் கண்ட மண் இது. கணவனை இழந்தவளுக்கும் கடன் சுமந்தவளுக்கும் வேலை போய்விடுமோ என்ற பயம் இயல்பானது. அப்பயத்தை நாம் ஏளனம் செய்யலாகாது. தொழிற்சாலை வாயிலில் நின்று முழங்குவதால் மாத்திரம் அது போகாது. கிராமத்திலே, சனசமூக நிலையத்திலே, கோயில் வீதியிலே, பேருந்து இறக்கிவிடும் சந்தியிலே அமைதியாகப் பேசவேண்டும். நூற்றுக்கு 40 என்னும் எல்லையை நெருங்கும்வரை உறுப்பினர் பட்டியல் சங்கத்தின் கையிலேயே இருக்கவேண்டும்.

சட்டத்தரணிகளே, நீங்கள் சட்டத்தை எளிய தமிழில் எழுதிக் கொடுங்கள். ஆசிரியர்களே, கூட்டத்தை நடத்தவும் அறிக்கை எழுதவும் பிள்ளைகளுக்குப் பழக்குங்கள். தொழிற்சாலைகளில் உத்தியோகம் பார்க்கும் இளைஞர்களே, நீங்களும் சம்பளத்துக்கு உழைப்பவர்களே என்பதை மறவாதீர்கள். கமக்காரப் பெரியோர்களே, "சங்கம் கிங்கம் என்று போகாதே, மகளே" என்று சொல்லுமுன் ஒரு கணம் நில்லுங்கள். உங்கள் அமைப்பில்லாமல் நீங்கள் தண்ணீர்க் கூட்டத்துக்குப் போவீர்களா?

முதலாளி அழைக்கும் கூட்டத்துக்கு நம் பிள்ளை போகட்டும். ஆனால் தனியாகப் போகவேண்டாம். சங்கத்தின் உறுப்பினராய்ப் போகட்டும். தோழியர் எழுதிக் கொடுத்த கோரிக்கையோடு போகட்டும். வெளியே வந்ததும் அவளைக் கேட்பதற்கு நூறு பேர் காத்திருக்கட்டும். அப்பொழுது அக்குழுவில் அவள் சொல்லும் சொல்லுக்கு எடை இருக்கும்.